இருள் அஞ்சத்தக்கதா?

நுழையும்முன்

மின்தடை ஏற்பட்டவுடன் பல வீடுகளில் முதலில் எழுவது, ஒருவர் மற்றவரைப் பெயர் சொல்லி அழைக்கும் குரல். விளக்கைத் தேடும் முன்பே மனிதர் துணையைத் தேடுகின்றனர். இருளச்சம் குழந்தைகளுக்கு மட்டும் உரியதன்று; வளர்ந்தோர் பலரிடமும் அது உண்டு. ஆனால், அவர்கள் அதை வெளியே சொல்வதில்லை. சொல்லப்படாத அச்சம் ஆராயப்படாமலே தங்கிவிடுகிறது. அவ்வச்சத்தின் வேர்களையும் அதை வெல்லும் வழிகளையும் இக்கட்டுரை எடுத்துரைக்கிறது.

தொல்காப்பியர் காட்டும் நான்கு

தொல்காப்பியம் எழுத்துக்கும் சொல்லுக்கும் மட்டும் இலக்கணம் கூறும் நூல் அன்று. மனித உணர்வுகளையும் அது வகைப்படுத்துகிறது. அதன் மெய்ப்பாட்டியல், நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என எண்வகை மெய்ப்பாடுகளைக் கூறுகிறது. அவற்றுள் அச்சம் பிறக்கும் இடங்களாக அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை என்னும் நான்கைச் சுட்டுகிறது. அணங்கு என்பது மனிதரை வருத்துவதாக நம்பப்படும் தெய்வமும் பேயும் போன்றவை. விலங்கு என்பது கொல்லும் இயல்புடைய உயிர்கள். கள்வர், தீங்கு செய்யும் மனிதர். இறை, ஒருவர்மேல் அதிகாரம் உடையவர்.

இந்நான்கனுள் இருள் இல்லை. மின்விளக்கு இல்லாத காலத்தில், ஞாயிறு மறைந்தபின் ஊரே இருளில் மூழ்கிய காலத்தில் எழுந்த நூல் இது. ஆயினும் இருள் அச்சத்தின் பொருளாகத் தனித்து எண்ணப்படவில்லை. இப்பகுப்பு இன்றைய கற்போருக்கு ஒரு தெளிவைத் தருகிறது. இருள் அச்சம் தரும் பொருளன்று; அச்சம் தரும் பொருள்களை மறைக்கும் திரை. திரைக்குப் பின்னால் ஒருவர் பேயை எண்ணி அஞ்சலாம். மற்றொருவர் பாம்பை எண்ணி அஞ்சலாம். வேறொருவர் தீய மனிதரை எண்ணி அஞ்சலாம். மூவரும் "இருட்டு என்றால் பயம்" என்ற ஒரே தொடரையே சொல்வர். ஆனால், அம்மூவரின் அச்சமும் ஒன்றன்று; அவற்றுக்கான மருந்தும் ஒன்றன்று. எனவே, இருளுக்கு அஞ்சுபவரிடம் "அஞ்சாதே" என்பது பயனற்ற அறிவுரை. "இருளில் எதை அஞ்சுகிறாய்?" என்று கேட்பதே பயனுள்ள தொடக்கம்.

கண்ணும் மூளையும்

அக்கேள்விக்கு விடை காணுமுன், இருளில் உடலுக்கு நேர்வது என்ன என்பதை அறிதல் வேண்டும். மனிதக் கண்ணின் விழித்திரையில் ஏறத்தாழ 12 கோடி குச்சி செல்களும் 60 லட்சம் கூம்பு செல்களும் உள்ளன. கூம்பு செல்கள் நல்ல ஒளியில் நிறங்களையும் நுட்பங்களையும் காட்டுகின்றன. குச்சி செல்கள் மங்கிய ஒளியில் உருவங்களைக் காட்டுகின்றன. குச்சி செல்களில் உள்ள ரோடாப்சின் என்னும் நிறமி, மிகுந்த ஒளி பட்டால் சிதைந்துவிடும். இருளில் மெல்ல மெல்ல மீண்டும் உருவாகும். கண் இருளுக்கு நன்கு பழகுவதற்கு 20 முதல் 30 நிமிடங்கள் வரை ஆகும்.

ஆகவே, விளக்கு அணைந்த முதல் சில நிமிடங்களே பார்வை மிகவும் குன்றியிருக்கும் பொழுது. அச்சமும் அப்பொழுதே உச்சத்தில் இருக்கிறது. அந்த நேரத்திலேயே பதறி விளக்கைப் போடுபவர், அரைமணி நேரம் கடந்தபின் அதே அறை எப்படித் தோன்றும் என்பதை வாழ்நாளில் ஒருமுறையும் கண்டிருக்க மாட்டார். அவர் அறிந்திருப்பது இருளை அன்று. இருளின் வாயிலை மட்டுமே.

இன்னொரு நுட்பமும் உண்டு. விழித்திரையில் கூர்ந்த பார்வைக்குரிய நடுப்புள்ளியில் குச்சி செல்கள் இல்லை. எனவே, இருளில் ஒன்றை நேராக உற்றுநோக்கினால் அது மறைவதுபோல் தோன்றும். பார்வையைச் சற்றே விலக்கினால் மீண்டும் புலப்படும். ஓரக்கண்ணில் தெரிந்த உருவம் திரும்பிப் பார்த்தவுடன் மறைந்துபோவது பேயின் செயலன்று, கண்ணின் அமைப்பு.

கண் குறைவாகத் தரும் செய்தியை மூளை தன் கற்பனையால் நிரப்புகிறது. கொடியில் தொங்கும் துண்டு மனித உருவம் பெறுகிறது. மூளையில் அமிக்டலா என்னும் சிறு பகுதி, சிந்தித்து முடிவெடுக்கும் முன்பே ஆபத்துக் குறிப்பை எழுப்பிவிடுகிறது. அட்ரினலின் சுரக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உள்ளங்கை வியர்க்கிறது. மங்கிய ஒளியில் கயிறு பாம்பாகத் தோன்றுவதை மெய்யியலார் பொய்த்தோற்றத்துக்கு உவமையாகக் காட்டுவர். அப்பிழைக்கும் ஒரு பயன் உண்டு. கயிற்றைப் பாம்பு என்று எண்ணியவர் இழப்பது ஒரு நொடி அமைதி; பாம்பைக் கயிறு என்று எண்ணியவர் இழப்பது உயிர். எனவேதான் மூளை எப்போதும் அஞ்சும் பக்கமே சாய்கிறது. இருளில் அஞ்சுவது கோழைத்தனம் அன்று. உயிரைக் காக்கும் காவல் உணர்வு சற்று மிகையாக வேலை செய்வதே அது.

தெரியுமா?

ரோடாப்சின் உருவாவதற்கு வைட்டமின் ஏ தேவை. அது குறைந்தால் மாலைக்கண் நோய் உண்டாகும். இந்தியாவில் குழந்தைகளுக்கு வைட்டமின் ஏ வழங்கும் தேசியத் திட்டம் 1970இல் தொடங்கப்பட்டது. அந்தி நேரத்தில் தடுமாறும் குழந்தை, வெளியே செல்ல மறுக்கும் குழந்தை அச்சத்தால்தான் அவ்வாறு செய்கிறது என்று முடிவுகட்டலாகாது. அதன் கண்ணையும் சோதித்தல் வேண்டும். முருங்கைக்கீரை, பப்பாளி, மாம்பழம், கேரட் ஆகியவை வைட்டமின் ஏ பெற உதவும் உணவுகள்.

விலங்கு: அஞ்ச வேண்டியதற்கு அஞ்சுதல்

ஆப்பிரிக்காவின் தான்சானியா நாட்டில் 1988 முதல் 2009 வரை சிங்கங்கள் மனிதரைத் தாக்கிய நிகழ்வுகளை ஆய்வாளர்கள் தொகுத்து ஆராய்ந்தனர். முழுநிலவை அடுத்து வரும் நாள்களில், ஞாயிறு மறைந்தபின் நிலவு எழாத இருண்ட பொழுதில்தான் தாக்குதல்கள் மிகுதியாக நிகழ்ந்திருந்தன. இருளை அஞ்சும் இயல்பு மனித இனத்தில் வேரூன்றியதற்கு இத்தகைய இரவுகளே காரணமாக இருக்கலாம் என்பது அவ்வாய்வாளர் கருத்து.

தமிழ் அகப்பாடல்களிலும் இவ்வறிவைக் காணலாம். குறிஞ்சித் திணைக்குரிய சிறுபொழுது யாமம். இரவில் தலைவியைக் காண வரும் தலைவனிடம், அவன் வரும் மலைவழியில் உள்ள யானை, புலி, பாம்பு ஆகியவற்றை எடுத்துச் சொல்லித் தோழி கவலைப்படுவாள். அவள் கவலை மூடநம்பிக்கை அன்று. வழியறிந்தவர் கூறும் எச்சரிக்கை.

அந்த எச்சரிக்கை இன்றும் காலாவதியாகவில்லை. இந்தியாவில் 2000 முதல் 2019 வரை பாம்புக்கடியால் ஏறத்தாழ 12 லட்சம் பேர் இறந்தனர் என்று ஓர் ஆய்வு கணக்கிட்டுள்ளது. ஆண்டொன்றுக்குச் சராசரியாக 58,000 பேர். கட்டுவிரியன் இரவில் உலவுவது. தரையில் உறங்குபவரைக் கடிப்பது. அஞ்ச வேண்டியவற்றுக்கு அஞ்சாதிருப்பதை அறியாமை என்கிறார் திருவள்ளுவர். அவர் அக்கருத்தை வைத்திருப்பது அறிவுடைமை அதிகாரத்தில். வயல்வரப்பில் இரவில் நடப்பவருக்குத் தேவை வீரம் அன்று; கைவிளக்கும் காலணியும். தரையில் உறங்குபவருக்குத் தேவை கட்டிலும், பாயின்கீழ் நன்கு செருகப்பட்ட கொசுவலையும். விலங்கு பற்றிய அச்சத்தை வெல்வது என்பது அச்சத்தை முன்னெச்சரிக்கையாக மாற்றுவதே ஆகும்.

அணங்கு: கதையை ஆராய்தல்

அணங்கு பற்றிய அச்சத்துக்குக் கைவிளக்கு மட்டும் போதாது; ஆராய்ச்சி வேண்டும். 1961இல் வெளிவந்த அரசிளங்குமரி திரைப்படத்தில், சிறுவன் ஒருவனுக்கு அறிவுரை கூறும் பாடலைப் பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் எழுதினார். மரத்தின் உச்சியில் பேய் இருப்பதாகச் சொல்லி அச்சுறுத்துவோரின் பேச்சை நம்ப வேண்டா என்று அப்பாடல் எச்சரிக்கிறது. பேய்க்கதை வீரத்தை முளையிலேயே கிள்ளிவிடும் என்பது அவருடைய கவலை.

அதே வேளையில், பேயைக் கண்டதாகச் சொல்வோர் அனைவரும் பொய்யர் என்று தள்ளிவிடுவதும் அறிவியல் நோக்கு ஆகாது. நள்ளிரவில் விழிப்பு வந்தும் கைகால்களை அசைக்க முடியாமல், மார்பின்மீது யாரோ அமர்ந்து அழுத்துவதுபோல் உணர்ந்தவர் பலர். இதனை அமுக்குவான் பேய் என்று மக்கள் சொல்வர். கனவு காணும் உறக்கநிலையில், கனவுக்கேற்பக் கைகால்கள் இயங்கிவிடாதபடி மூளை தசைகளைத் தளர்த்தி வைக்கிறது. அந்நிலை நீங்குமுன் விழிப்பு வந்துவிட்டால், மனம் விழித்திருக்கும், உடல் அசையாது, கனவின் எச்சமும் கண்முன் நிற்கும். உறக்கக் குறைவும் ஒழுங்கற்ற உறக்கமும் இதற்கு வழிவகுக்கின்றன. தேர்வுக்காலத்தில் உறக்கத்தைக் கெடுத்துக்கொள்ளும் மாணவர் இதனை அறிந்திருத்தல் நலம். அனுபவம் மெய், அதற்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டுமே பொய்.

இருளில் கதை புனைவது மனித மனத்தின் இயல்பு. தமிழகச் சிற்றூர்களின் கற்பனை இரவில் பேயை மட்டும் உலவவிடவில்லை; குதிரையேறி ஊரைக் காக்கும் ஐயனாரையும் உலவவிட்டது. மனம் அச்சத்தைப் படைக்கும் இடத்திலேயே துணையையும் படைக்கிறது. இதை உணர்ந்தவருக்கு இருள் தன் மனம் எழுதும் ஏடாகத் தெரியும்.

கள்வர்: ஊரின் கடமை

மூன்றாவது அச்சம் வேறு வகையினது. மாலை மயங்கியபின் பேருந்து நிறுத்தத்தில் தனியே நிற்கும் மாணவியின் நெஞ்சு படபடப்பது பேயை எண்ணியன்று. அவளிடம் "துணிவாக இரு" என்று சொல்வது, குறையை அவளிடம் காண்பதாகும். குறை எரியாத தெருவிளக்கில் இருக்கிறது. குறித்த நேரத்தில் வராத பேருந்தில் இருக்கிறது. தீங்கு செய்பவனைத் தட்டிக் கேளாத கூட்டத்தில் இருக்கிறது.

ஆனால், நடைமுறையில் நிகழ்வது என்ன? தீங்கு செய்பவன் தெருவில் உலவ, தீங்குக்கு அஞ்சுபவள் வீட்டுக்குள் இருத்தப்படுகிறாள். "இருட்டும் முன் வந்துவிடு" என்னும் கட்டளை பெரும்பாலும் மகளுக்கே உரியதாகிறது. நூலகம், மாலை வகுப்பு, விளையாட்டுப் பயிற்சி, இரவுப்பணி என ஒவ்வொன்றும் அவளுக்கு மூடப்படுகிறது. பெற்றோரின் கவலை அன்பில் பிறந்தது என்பதில் ஐயமில்லை. எனினும், அக்கவலை மகளின் காலடியைச் சுருக்குவதோடு நின்றுவிடலாகாது. தெருவிளக்கு எரியவில்லை என்று ஊராட்சியிலோ மாநகராட்சியிலோ முறையிடுவதாக, பள்ளி முடியும் நேரத்துக்குப் பேருந்து கேட்பதாக, மகன்களுக்கு ஒழுக்கம் கற்பிப்பதாக அது வளர வேண்டும். இவ்வச்சத்தைத் தனியொருவர் வெல்ல இயலாது. ஊர் கூடியே வெல்ல இயலும்.

இறை: அதிகாரம் ஏந்தும் இருள்

நான்காவது அச்சத்தை மூத்தோரே விதைக்கின்றனர். உணவு உண்ண மறுக்கும் குழந்தைக்குப் பூச்சாண்டி வருவான் என்றும் மூன்றுகண்ணன் பிடித்துச் செல்வான் என்றும் சொல்லப்படுகிறது. குழந்தை அஞ்சி ஒரு கவளம் கூடுதலாக உண்ணலாம். அந்த ஒரு கவளத்துக்காக அது பல இரவுகளின் உறக்கத்தை விலையாகக் கொடுக்கிறது. மூன்று வயதையொட்டிக் கற்பனைத் திறன் வளரும். கற்பனைக்கும் மெய்ம்மைக்கும் இடையிலான எல்லை அப்போது தெளிவாக இராது. அப்பருவத்தில் சொல்லப்படும் பூச்சாண்டி குழந்தைக்கு மெய்யான ஒருவன்.

இருட்டறையில் அடைத்துத் தண்டிப்பது இதனினும் கொடிது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிகளில் உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடைசெய்கிறது. வீட்டிலும் அந்நெறியே வேண்டும். "ஆண்பிள்ளை அஞ்சலாமா?" என்னும் ஏளனமும் ஒருவகைத் துன்புறுத்தலே. ஏளனத்துக்கு ஆளானவர் அச்சத்தை விடுவதில்லை; அச்சத்தைச் சொல்வதை மட்டுமே விடுகிறார். விடுதியில் இரவு முழுதும் போர்வைக்குள் விழித்திருக்கும் மாணவன், வீட்டின் பின்கட்டுக்குச் செல்லத் தம்பியைத் துணைக்கு அழைக்கும் அக்கா என்று அவ்வச்சம் மறைவில் தொடர்கிறது.

படிப்படியாகப் பழகுதல்

அச்சத்தை அறிந்தபின்னும் நெஞ்சு படபடக்கலாம். உடல் அறிவுரையால் திருந்துவதில்லை, பழக்கத்தால் திருந்துகிறது. இதனை முதலில் காட்டியவருள் ஒருவர் அமெரிக்க உளவியலார் மேரி கவர் ஜோன்ஸ். அவர் 1924இல் வெளியிட்ட ஆய்வில், முயலுக்கு அஞ்சிய ஏறத்தாழ மூன்று வயதுச் சிறுவன் இடம்பெறுகிறான். அவன் விரும்பிய உணவை உண்டுகொண்டிருக்கும்போது, கூண்டிலிருந்த முயல் தொலைவில் வைக்கப்பட்டது. பின்னர் அது சிறிது சிறிதாக அருகே கொணரப்பட்டது. முடிவில் அவன் முயலைத் தொட்டு விளையாடினான். தென்னாப்பிரிக்க மருத்துவர் ஜோசப் வோல்பே இம்முறையை விரிவாக வளர்த்து 1958இல் நூலாக்கினார்.

இம்முறையின் அடிப்படை எளியது. அச்சத்தால் எழும் படபடப்பு முடிவின்றி உயர்ந்துகொண்டே செல்லாது. ஓர் அளவை எட்டியபின் தானே தணியும். தணியும்வரை அவ்விடத்தில் இருந்தவருடைய மூளை, "இங்கு ஆபத்தில்லை" என்று கற்கிறது. தணியுமுன் ஓடியவருடைய மூளை, "ஓடியதால் பிழைத்தோம்" என்று கற்கிறது. ஒவ்வோர் ஓட்டமும் அடுத்த அச்சத்துக்கு உரமாகிறது.

இருளச்சத்துக்கும் இப்படிக்கட்டு பொருந்தும். முதலில் அறையின் ஒளியை மங்கச் செய்து துணையோடு அமர்ந்திருக்கலாம். பின்னர் விளக்கை அணைத்துச் சில நிமிடங்கள் பேசிக்கொண்டிருக்கலாம். அடுத்து, துணை பக்கத்து அறையில் இருக்க, விளக்கின் பொத்தான் கைக்கெட்டும் தொலைவில் இருக்கத் தனியே அமரலாம். கண் பழகும்வரை காத்திருத்தலும், மூச்சை மெல்ல வெளியிடுதலும் உதவும். ஒரு படியில் நெஞ்சம் அமைதியுற்ற பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். வேகத்தை முடிவுசெய்பவர் அஞ்சுபவராகவே இருத்தல் வேண்டும். குழந்தையை இருளில் திடீரெனத் தள்ளுவது இம்முறை ஆகாது. உறக்கத்தையும் படிப்பையும் கெடுக்கும் அளவுக்கு அச்சம் முதிர்ந்திருந்தால் மனநல மருத்துவரின் உதவியை நாடலாம். 14416 என்னும் டெலி-மானஸ் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை பெறலாம்.

விரும்பிய இடமெல்லாம் மின்விளக்கு எரியும் இக்காலத்தில் இருளுக்குப் பழகுவது எதற்கு என்று சிலர் வினவலாம். விளக்கு வேண்டும்; தெருவிலும் பேருந்து நிறுத்தத்திலும் அது கட்டாயம் வேண்டும். ஆனால், இருளை முற்றிலும் துரத்திவிட்டால் இழப்பதும் பெரிது. நல்லுறக்கத்துக்குத் துணைபுரியும் மெலடோனின் என்னும் ஹார்மோன் இருளில்தான் நன்கு சுரக்கிறது. சவ்வாது மலையில் உள்ள காவலூரில் வைணு பாப்பு வானாய்வகம் அமைந்ததும், 1986 முதல் அதன் 2.34 மீட்டர் தொலைநோக்கி விண்மீன்களை நோக்குவதும் நகர ஒளியிலிருந்து விலகிய வானத்துக்காகவே.

சென்னைக் கடற்கரை இதற்கு மற்றொரு சான்று. பங்குனி ஆமைகள் அங்கு இரவில் கரையேறி முட்டையிடுகின்றன. முட்டையிலிருந்து வெளிவரும் குஞ்சுகள், ஒளி மிகுந்த திசையே கடல் என்று கொண்டு நகர்கின்றன. கரையில் எரியும் விளக்குகள் அவற்றைச் சாலையை நோக்கித் திருப்பிவிடுகின்றன. மாணவர் கடலாமைப் பாதுகாப்பு வலையமைப்பைச் சேர்ந்த இளையோர், 1988 முதல் ஆண்டுதோறும் சனவரியில் தொடங்கிச் சில மாதங்கள் இரவில் மணலில் நடக்கின்றனர். நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே நெடுந்தொலைவு நடந்து முட்டைகளைத் திரட்டிப் பாதுகாக்கின்றனர். அவர்கள் இருளை அறியாதவர்கள் அல்லர். துணையோடும் ஆயத்தத்தோடும் அதற்குள் செல்லக் கற்றவர்கள். அச்சத்தை வென்றவருக்குக் கிடைக்கும் பரிசு வெறும் பெருமை அன்று. ஓர் உயிரைக் கடலில் சேர்க்கும் வாய்ப்பு.

தம் புதிய ஆத்திசூடியைப் பாரதியார், அச்சத்தை விடுமாறு கூறியே தொடங்குகிறார். விடுவதற்கு முன் அவ்வச்சம் எவ்வகையினது என்று அறிதல் வேண்டும். விலங்குக்கு முன்னெச்சரிக்கை, அணங்குக்கு ஆராய்ச்சி, கள்வருக்கு ஊரின் ஒற்றுமை, இறைக்கு மூத்தோரின் பரிவு என மருந்துகள் வேறுபடுகின்றன. இவை நான்கும் அமைந்தபின் எஞ்சும் இருள், கண் பழகக் காத்திருக்கும் வெறும் இரவே. அதனை அஞ்ச வேண்டுவதில்லை.

கற்பவை கற்றபின்

1. இரவில் வீட்டின் விளக்குகளை அணைத்து, துணையோடு அமர்ந்து, முதல் நிமிடத்திலும் இருபதாம் நிமிடத்திலும் கண்ணுக்குப் புலப்பட்டவற்றைப் பட்டியலிடுக.

2. உங்கள் தெருவில் எரியாத விளக்குகளைக் கணக்கெடுத்து, அவற்றைச் சீரமைக்குமாறு உள்ளாட்சி அலுவலருக்கு விண்ணப்பம் எழுதுக.

3. "குழந்தைகளை அச்சுறுத்தி வளர்ப்பது முறையா?" என்னும் தலைப்பில் வகுப்பில் சொற்போர் நிகழ்த்துக.